படகின் சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு குழாய்

டிசம்பரில் மெர்சிங் படகுத்துறைக்குப் போயிருக்கிறீர்களா? மற்ற மாதங்களில் ராவா, பெசார், தியோமான் என்று தீவுகளுக்குப் போகும் கூட்டம் நிற்கும் இடம், அப்போது வெறிச்சோடிக் கிடக்கும். நவம்பரில் தொடங்கும் வடகிழக்குப் பருவக்காற்று பிப்ரவரி வரை கடலைக் கொந்தளிக்க வைக்கிறது. தீவு விடுதிகள் பல மூடப்படுகின்றன. படகுக்காரர்களுக்கு மட்டும் அது ஓய்வுக்காலம் அல்ல. கரையேற்றி வைத்த படகுகளைப் பிரித்துப் பார்த்துப் பழுது நீக்குவதற்கு அவர்களுக்குக் கிடைப்பது அந்த நான்கு மாதம்தான்.

கரையில் நிற்கும் ஒரு விரைவுப்படகின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். அவுட்போர்டு எஞ்சினின் முன்புறம் ஓர் உலோகச் சிலிண்டர் படுத்திருக்கும். அதன் இரு முனைகளிலிருந்தும் விரல் பருமனில் இரண்டு கறுப்புக் குழாய்கள் புறப்பட்டு, படகின் உள்ளே ஓடி, ஓட்டுநரின் சக்கரம் வரை போகும். இவற்றை எல்லாரும் ஹோஸ் என்றுதான் சொல்கிறார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

பழைய ஹோஸின் முனையில் துரு. மேல்தோலில் வெயிலில் வெடித்த கீறல்கள். மாற்றியாக வேண்டும். எந்த ஹோஸை வாங்குவது? "இருப்பதிலேயே பலமானதை வாங்கு" என்றுதான் நம்மில் பலர் சொல்வோம். இந்தப் பதிலில் உள்ள பிழையைப் புரிந்துகொள்ள, நீங்கள் படிவம் ஐந்தில் படிக்கும் பாஸ்கல் கோட்பாடும், படிவம் நான்கில் படித்த போயில் விதியும், கொஞ்சம் வேதியியலும் போதும்.

சக்கரத்தைத் திருப்பினால் என்ன ஆகிறது?

மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தின் மீது ஓரிடத்தில் அழுத்தம் கொடுத்தால், அது திரவம் முழுவதும் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும். இதுதான் பிரெஞ்சு அறிஞர் பிளெய்ஸ் பாஸ்கல் கண்ட கோட்பாடு. அவர் 1662இல் இறந்தார். திரவங்களைப் பற்றிய அவருடைய நூல் அடுத்த ஆண்டுதான் அச்சில் வந்தது. அதை வைத்து வேலை செய்யும் அழுத்து இயந்திரத்துக்கு ஜோசப் பிராமா இங்கிலாந்தில் 1795இல் காப்புரிமை பெற்றார். கார் பிரேக், எக்ஸ்கவேட்டரின் கை, பல் மருத்துவரின் நாற்காலி என நாம் இன்று பார்க்கும் ஹைட்ராலிக் கருவிகள் எல்லாம் அந்த வழியில் வந்தவை.

படகில் ஓட்டுநரின் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு சிறிய பம்ப் இருக்கிறது. சக்கரம் சுழலும்போது அதனுள் சின்னச் சின்னப் பிஸ்டன்கள் ஒவ்வொன்றாக எண்ணெயைத் தள்ளுகின்றன. வலப்பக்கம் திருப்பினால் எண்ணெய் ஒரு ஹோஸ் வழியாகப் போய்ச் சிலிண்டரின் ஒரு பக்கத்தை நிரப்புகிறது. மறுபக்கத்தில் இருந்த எண்ணெய் இன்னொரு ஹோஸ் வழியாகப் பம்புக்குத் திரும்புகிறது. சிலிண்டர் நகர, எஞ்சின் திரும்ப, படகு திரும்புகிறது. சக்கரத்தை விட்டுவிட்டாலும் எஞ்சின் தானாகத் திரும்பிவிடாதபடி பம்பில் உள்ள ஒருவழி வால்வுகள் எண்ணெயைப் பூட்டி வைக்கின்றன.

இப்போது ஒரு ஹோஸ் வெடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் வெளியே போகிறது. சக்கரம் சுழல்கிறது, எஞ்சின் அசையவில்லை. அதைவிட மோசம், பூட்டிப் பிடித்திருந்த எண்ணெய் போனதும் புரொப்பெல்லரின் சுழல்விசையே எஞ்சினை ஒரு பக்கமாகத் தள்ளிவிடலாம். படகு 30 நாட் வேகத்தில் போனால் விநாடிக்கு 15 மீட்டர் கடக்கிறது. அந்த வேகத்தில் திடீரென ஒரு பக்கம் வெட்டித் திரும்பினால் பயணிகள் கடலில் தூக்கி எறியப்படுவார்கள். இருபுறமும் படகுகள் கட்டியிருக்கும் மெர்சிங் ஆற்று முகத்துவாரத்தில் என்றால் சொல்லவே வேண்டாம். இரண்டு எஞ்சின் உள்ள படகாக இருந்தால், வேகத்தைக் குறைத்து, ஒன்றுக்கு அதிகமும் மற்றதற்குக் குறைவுமாக விசை கொடுத்து எப்படியோ கரை சேரலாம். ஒற்றை எஞ்சின் படகுக்கு அந்த வழியும் இல்லை.

கையால் 69 பார்

சக்கரத்தைக் கையால் திருப்பும்போது குழாயில் எவ்வளவு அழுத்தம் வந்துவிடப் போகிறது என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நடுத்தரமான ஒரு பம்ப், சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு 28 கன சென்டிமீட்டர் எண்ணெயைத் தள்ளும். சிலிண்டரில் பிஸ்டனின் பரப்பு 7 சதுர சென்டிமீட்டர், நகரும் தூரம் 20 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். சிலிண்டருக்கு வேண்டிய எண்ணெய் 140 கன சென்டிமீட்டர். ஆக, ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை எஞ்சினைத் திருப்பச் சக்கரத்தை 5 சுற்று சுற்ற வேண்டும்.

சக்கரத்தின் ஆரம் 17 சென்டிமீட்டர். அதன் விளிம்பில் 180 நியூட்டன் விசை கொடுக்கிறீர்கள். 18 கிலோ மூட்டையைத் தூக்கும் விசை இது. அலையில் பதற்றமாகச் சக்கரத்தை முறுக்கும் ஓட்டுநருக்கு இது பெரிய காரியமல்ல. 5 சுற்றில் உங்கள் கை போகும் தூரம் ஏறத்தாழ 5.34 மீட்டர். நீங்கள் செய்த வேலை சுமார் 960 ஜூல். சக்தி அழியாது என்பதால், உராய்வை விட்டுவிட்டால், மறுமுனையில் பிஸ்டனும் அதே வேலையைத்தான் செய்ய வேண்டும். ஆனால் அது நகர்வது 0.2 மீட்டர் மட்டுமே. ஆகவே அதன் விசை 4,800 நியூட்டன். கிட்டத்தட்ட 490 கிலோ எடைக்குச் சமம்! இந்த விசையை 7 சதுர சென்டிமீட்டரால் வகுத்தால் கிடைக்கும் அழுத்தம் ஏறத்தாழ 69 பார். பட்டறையில் சொல்லும் கணக்கில் 1,000 பி.எஸ்.ஐ. கார் டயரில் இருப்பது 32 பி.எஸ்.ஐ. அளவுதான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

படகுகளில் பரவலாகக் காணப்படும் சீஸ்டார் ஸ்டியரிங்கில் சாதாரண வகைப் பம்பின் உச்ச அழுத்தம் இதே 1,000 பி.எஸ்.ஐ.தான். அதே நிறுவனத்தின் 'புரோ' வகையில் அது 1,500. இரண்டுக்கும் ஹோஸ் வேறு. சாதாரண வகையின் ஹோஸைக் கொண்டுபோய்ப் புரோ பம்பில் மாட்டினால் பொருந்தும், ஓடவும் ஓடும். ஆனால் சக்கரத்தை ஒருவர் முழு பலத்தோடு முறுக்கும் நாளில் அதற்கு உத்தரவாதம் இல்லை. ஆகவே மாற்று ஹோஸ் தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது பழைய ஹோஸை அல்ல, பம்பின் பெயரையும் வகையையும்தான். பழைய ஹோஸே யாரோ தவறாகப் போட்டதாக இருக்கலாம் அல்லவா?

இன்னொரு குழப்பமும் உண்டு. ஹோஸுக்கு வேலை அழுத்தம் என்று ஓர் எண், வெடிப்பு அழுத்தம் என்று ஓர் எண். ஹைட்ராலிக் ஹோஸ்களில் வழக்கமாக இரண்டாவது முதலாவதைப் போல நான்கு மடங்கு. கடைக்காரர் பெருமையாகச் சொல்லும் பெரிய எண் இரண்டாவதாக இருக்கலாம். நமக்கு வேண்டியது முதலாவது.

குழாய் எங்கே கிழியும்?

8 மில்லிமீட்டர் உள்விட்டம் உள்ள ஒரு ஹோஸ் 69 பார் அழுத்தத்தைத் தாங்குகிறது. அதன் ஒவ்வொரு சென்டிமீட்டர் நீளத்தையும் இரண்டு பாதியாகப் பிளக்க முயலும் விசை எவ்வளவு? அழுத்தத்தை விட்டத்தாலும் நீளத்தாலும் பெருக்குங்கள். சுமார் 550 நியூட்டன். அதாவது ஒவ்வொரு சென்டிமீட்டரையும் 56 கிலோ எடையுள்ள ஒருவர் தொங்கிப் பிளக்கப் பார்ப்பது போல. இதே கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது: விட்டம் கூடினால் பிளக்கும் விசையும் கூடும். ஒரே வகை ஹோஸில் மெல்லியது அதிக அழுத்தமும் பருத்தது குறைந்த அழுத்தமும் தாங்குவது இதனால்தான்.

வீட்டில் சாசேஜ் அவித்திருந்தால் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். அது வெடிக்கும்போது நீளவாக்கில்தான் பிளக்கும். குறுக்கே துண்டாகாது. குழாய் வடிவத்தில் உள்ள எதற்கும், சுற்றுவட்டத் திசையில் வரும் தகைவு நீளத் திசையில் வருவதைப் போல இரு மடங்கு. ஹோஸ் செய்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ரப்பர் அல்லது நைலான் உட்குழாயின் மேல் நூலையோ கம்பியையோ பின்னும்போது, குழாயின் அச்சுக்கு ஏறத்தாழ 54.7 பாகைக் கோணத்தில் பின்னுகிறார்கள். அந்தக் கோணத்தில் பின்னினால் பின்னலின் பலம் இரண்டு திசைகளுக்கும் சரியாக இரண்டுக்கு ஒன்று என்று பங்கிடப்படும். உங்களிடம் கால்குலேட்டர் இருந்தால் 54.7 பாகையின் டான்ஜெண்டைக் கண்டுபிடித்து வர்க்கப்படுத்துங்கள். இரண்டு வரும்.

இவ்வளவு கவனமாகப் பின்னியும், அழுத்தம் ஏறும்போது ஹோஸ் சற்று நீளவோ சுருங்கவோ செய்யும். 2 விழுக்காடு வரை நீளலாம், 4 விழுக்காடு வரை சுருங்கலாம் என்பது தொழிலில் கைக்கொள்ளும் அளவு. அதனால் இரண்டு முனைகளுக்கும் நடுவே நூல் பிடித்தாற்போல விறைப்பாக அளந்து வெட்டக்கூடாது. அதிலும் எஞ்சின் இடமும் வலமும் திரும்பும், மேலே தூக்கப்படும். அந்த எல்லா நிலைகளிலும் இழுபடாத நீளம் வேண்டும்.

எக்ஸ்கவேட்டர் ஹோஸ் போட்ட படகு

ஜொகூரில் ஹைட்ராலிக் ஹோஸ் கடைகளுக்குப் பஞ்சமில்லை. செம்பனை ஆலைகள், மண் தோண்டும் இயந்திரங்கள், லாரிகள் என்று தேவை இருந்துகொண்டே இருக்கிறது. நீளத்தைச் சொன்னால் கடையிலேயே வெட்டி, முனைகளை இயந்திரத்தில் அழுத்திப் பொருத்திக் கொடுத்துவிடுவார்கள். அந்த ஹோஸின் உள்ளே எஃகுக் கம்பிப் பின்னல். ஐரோப்பியத் தரப்படி இரட்டைப் பின்னல் கொண்ட கால் அங்குல ஹோஸின் வேலை அழுத்தம் 400 பார். நமக்கு வேண்டியது 69. "ஆறு மடங்கு பலம், பாதி விலை, இப்போதே கிடைக்கும்" என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

அப்படி மாற்றிய ஒரு படகை நான் பார்த்திருக்கிறேன். போட்ட அன்று எல்லாம் நன்றாகவே இருந்ததாம். இரண்டு பருவமழை கழித்து நான் பார்த்தபோது, முனையை ஒட்டி மேல்தோல் கொப்புளம் கொப்புளமாக உப்பியிருந்தது. கத்தியால் கீறியதும் பழுப்பு நிறத் தூள் கொட்டியது. ஒரு காலத்தில் அது எஃகுக் கம்பி.

கடல்நீரில் கிலோவுக்குச் சுமார் 35 கிராம் உப்பு. உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதனால் இரும்பு துருப்பிடிக்கும் மின்வேதி வினை விரைவாகிறது. மேல்தோலில் ஊசி நுழையும் அளவு துளை இருந்தால் போதும், ஈரம் உள்ளே போய்க் கம்பி வழியே பரவும். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. துரு, தான் உருவான இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் தோல் உப்புகிறது. முனைகளில் உள்ள துத்தநாகப் பூச்சும் நிலத்தில் நீண்ட நாள் வரும். உப்புக்காற்றில் சீக்கிரம் கரையும். இன்னொரு தொல்லையும் உண்டு. கால் அங்குலக் கம்பி ஹோஸை 100 மில்லிமீட்டர் ஆரத்துக்கும் இறுக்கமாக வளைக்கக்கூடாது என்பது அதே தரத்தின் விதி. எஞ்சின் முன்னால் இருக்கும் இடமோ குறுகியது. விறைப்பான ஹோஸ் ஒவ்வொரு திருப்பத்திலும் முனையைப் பிடித்து நெம்பிக்கொண்டே இருக்கும்.

படகுக்கென்றே செய்த ஸ்டியரிங் ஹோஸில் எஃகுக்குப் பதில் செயற்கை இழைப் பின்னல் இருக்கும். அதிக அழுத்த வகைகளில் கெவ்லார் இழை. 1965இல் டுபாண்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபனி குவோலெக் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்த பொருள் அது. குண்டு துளைக்காத சட்டையில் இருப்பதும் அதுதான். எடைக்கு எடை எஃகைவிடப் பலம் மிக்கது, துருப்பிடிக்கவே பிடிக்காது. முனைகள் துருப்பிடிக்கா எஃகாகவோ பித்தளையாகவோ இருக்கும்.

உப்பும் ஹோஸ், மெத்தென்ற சக்கரம்

வெடிக்காவிட்டால் போதும் என்று நினைத்து, எங்கிருந்தோ கிடைத்த மிருதுவான ரப்பர் ஹோஸைப் போட்டால் வேறொரு நோய் வரும். எனக்கு இந்தப் பகுதிதான் மிகவும் பிடித்தது, காரணம் ஒரு பக்கத் தாளில் கணக்குப் போட்டே நோயைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஓட்டுநரிடமிருந்து எஞ்சின் வரை ஹோஸின் நீளம் 6 மீட்டர். உள்விட்டம் 8 மில்லிமீட்டர். உள்ளே இருக்கும் எண்ணெய் எவ்வளவு? 3.14 × 0.4 × 0.4 × 600, அதாவது சுமார் 301 கன சென்டிமீட்டர். அழுத்தம் ஏறும்போது ஹோஸின் விட்டம் 1 விழுக்காடு மட்டும் பெருக்கிறது என்று கொள்ளுங்கள். கண்ணால் பார்க்கவே முடியாத அளவு. பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் கொள்ளளவு 2 விழுக்காடு கூடும். அது 6 கன சென்டிமீட்டர். பம்ப் ஒரு சுற்றுக்குத் தள்ளுவது 28. ஆகவே சக்கரத்தின் ஐந்தில் ஒரு பங்கு சுற்று, ஹோஸை உப்ப வைப்பதற்கே செலவாகிவிடுகிறது. எஞ்சின் இன்னும் அசையவில்லை!

விட்டம் 5 விழுக்காடு பெருத்தால்? கொள்ளளவு 10 விழுக்காட்டுக்குச் சற்று அதிகமாகக் கூடும். சுமார் 31 கன சென்டிமீட்டர். ஒரு முழுச் சுற்றுக்கும் மேல். எதிரே மிதக்கும் மரக்கட்டையைப் பார்த்துச் சக்கரத்தை ஒடித்தவருக்கு, முதல் சுற்றில் எதுவும் நடக்காது என்றால் அவர் என்ன செய்வார்? கூடுதலாகச் சுற்றுவார். பிறகு எஞ்சின் தேவைக்கு மேல் திரும்பும்.

ஆகவே ஸ்டியரிங் ஹோஸுக்கு முக்கியமான குணம், பலத்தைவிட, உப்பாமல் இருப்பது. உட்குழாயை மிருதுவான ரப்பருக்குப் பதில் கெட்டியான நைலானில் செய்வதன் ஒரு காரணம் இதுதான். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஹோஸையும் இதையும் ஒரு தடவை கையில் எடுத்து நசுக்கிப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

காற்றும் இதே வேலையைச் செய்யும். புது ஹோஸ் மாட்டியபின் உள்ளே 20 கன சென்டிமீட்டர் காற்று தங்கிவிட்டதாக வைத்துக்கொள்வோம். வளிமண்டல அழுத்தம் 1 பார். அழுத்தம் 70 பாராக ஏறும்போது போயில் விதிப்படி அந்தக் காற்று எழுபதில் ஒரு பங்காகச் சுருங்கும். ஏறத்தாழ 0.3 கன சென்டிமீட்டர். மிச்சமுள்ள 19.7ஐ நிரப்ப எண்ணெய் வேண்டும். அது முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவு. திரவம் அழுத்தினால் சுருங்காது, வாயு சுருங்கும் என்று பாடத்தில் படித்த ஒரு வரி இங்கே சக்கரத்தில் கைக்குத் தெரிகிறது. ஹோஸ் மாற்றியபின் காற்றை முழுக்க வெளியேற்றுவதை மெக்கானிக்குகள் பொறுமையாகச் செய்வது அதனால்தான். சக்கரம் மெத்தென்று இருந்தால் முதலில் காற்றைச் சந்தேகிக்க வேண்டும். காற்று போனபின்னும் மெத்தென்றால் ஹோஸைச் சந்தேகிக்க வேண்டும்.

பால்மரத்துக்குப் பிடிக்காத எண்ணெய்

ஜொகூர்த் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டிகள் பால்மரம் வெட்டிய கதையை வீட்டில் கேட்டிருப்பீர்கள். அந்த இயற்கை ரப்பரால் டயர் செய்யலாம், கையுறை செய்யலாம். ஹைட்ராலிக் எண்ணெய் ஓடும் ஹோஸின் உட்குழாயை மட்டும் செய்ய முடியாது. இயற்கை ரப்பர் ஒரு ஹைட்ரோகார்பன் பாலிமர். ஸ்டியரிங் எண்ணெய் கனிம எண்ணெய், அதுவும் ஹைட்ரோகார்பன் கலவை. ஒத்த மூலக்கூறுகள் ஒன்றோடு ஒன்று கலக்கும். எண்ணெய் ரப்பரின் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து அதை உப்ப வைத்து மெலிவாக்கிவிடும்.

நம்பாவிட்டால் சோதித்துப் பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டு ரப்பர் வளையங்களை எடுத்து, ஒன்றைத் தண்ணீரிலும் மற்றதைக் குழந்தைகளுக்குத் தடவும் பேபி ஆயிலிலும் போடுங்கள். அதுவும் கனிம எண்ணெய்தான். ஒரு வாரம் கழித்து இரண்டின் நீளத்தையும் அளவுகோலில் அளந்து ஒப்பிடுங்கள்.

இந்தச் சிக்கலுக்கு விடையாக 1930களில் ஜெர்மனியில் உருவானது நைட்ரைல் ரப்பர். அதன் சங்கிலியில் நைட்ரஜன் கொண்ட முனைவுத் தொகுதிகள் இருப்பதால் கனிம எண்ணெய்க்கு அது இடம் கொடுப்பதில்லை. ஆனால் பிரேக் எண்ணெய் என்று கடையில் விற்கும் டாட் 3, டாட் 4 வகைகள் கனிம எண்ணெய் அல்ல. கிளைக்கால் வகைச் சேர்மங்கள். அவை நைட்ரைலைக் கெடுக்கும். கார் பிரேக்கில் இருப்பது இ.பி.டி.எம். என்ற வேறு ரப்பர். அது கிளைக்காலைத் தாங்கும், கனிம எண்ணெயில் உப்பிவிடும். ஒன்றுக்கு மருந்து மற்றதற்கு நஞ்சு! படகு ஸ்டியரிங்கில் எண்ணெய் குறைந்தால் பிரேக் எண்ணெயை ஊற்றவே கூடாது என்று உற்பத்தியாளர்கள் எச்சரிப்பது இதனால்தான். ஹோஸ் வாங்கும்போது "எவ்வளவு அழுத்தம்" என்று கேட்பவர்கள் "எந்த எண்ணெய்" என்று கேட்க மறந்துவிடுகிறார்கள்.

புரி ஏறினால் போதுமா?

ஹோஸ் பிழைத்தாலும் முனையில் ஏமாறலாம். முதலில் அளவு: ஹோஸின் அளவு உள்விட்டத்தைக் குறிக்கும், வெளிவிட்டத்தை அல்ல. அதை அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்குகளாக எண்ணுவார்கள். 4 என்றால் கால் அங்குலம், 5 என்றால் பதினாறில் ஐந்து பங்கு, 6 என்றால் எட்டில் மூன்று பங்கு.

அடுத்தது கூம்பு. பலவகை இணைப்புகளில் ஓர் உலோகக் கூம்பு இன்னொன்றின் மேல் அழுந்தி எண்ணெயை அடைக்கிறது. அந்தக் கூம்பின் சரிவு ஒரு வகையில் 37 பாகை, இன்னொரு வகையில் 45 பாகை. 4, 5 ஆகிய அளவுகளில் இரண்டு வகைக்கும் புரி ஒன்றே! ஆகவே ஒன்றின் நட் மற்றதில் அழகாக ஏறும், இறுகவும் செய்யும். ஆனால் கூம்புகள் முழுவதுமாகப் படியாமல் ஒரு மெல்லிய விளிம்பில் மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கும். கரையில் கசியாது, அலையில் அதிர்ந்தபின் கசியும். பழைய முனையைக் கையோடு எடுத்துப்போய்க் கோணமானி வைத்துப் பார்ப்பது வெட்கப்படும் காரியம் அல்ல. கசிவை அடைக்க வெள்ளை டெஃப்லான் நாடாவைச் சுற்றும் பழக்கமும் ஸ்டியரிங்கில் ஆபத்து. அதிலிருந்து பிய்ந்த இழை ஒன்று ஒருவழி வால்வில் சிக்கினால் எண்ணெய்ப் பூட்டு வேலை செய்யாது.

டிரிம் என்பது வேறு கதை

மெர்சிங் ஆறு கடலில் சேரும் இடம் ஆழம் குறைந்தது. நீர் வற்றும் நேரத்தில் பெரிய ஃபெரிகள் வெளியே போக முடியாததால் அவற்றின் நேர அட்டவணையே ஏற்ற இறக்கத்தைப் பார்த்துத்தான் போடப்படுகிறது. சிறிய விரைவுப்படகுகள் எஞ்சினைச் சற்று மேலே சாய்த்து, புரொப்பெல்லர் சேற்றில் இடிக்காமல் கடந்துபோகும். அப்படிச் சாய்ப்பதுதான் டிரிம். கடலில் இறங்கியபின் படகின் முன்பகுதியை ஏற்றவும் இறக்கவும் அதுவே உதவுகிறது.

டிரிம்மை இயக்குவது கை அல்ல, பாட்டரியில் ஓடும் மின்மோட்டார். கனமான எஞ்சினையே தூக்க வேண்டியிருப்பதால் அழுத்தமும் அதிகம்; பல அமைப்புகளில் 2,000 பி.எஸ்.ஐ.யைத் தாண்டும். 1,000 பி.எஸ்.ஐ. ஸ்டியரிங் ஹோஸை மிச்சம் இருக்கிறது என்று இங்கே பயன்படுத்த முடியாது. அவுட்போர்டு எஞ்சின்களில் பெரும்பாலும் மோட்டார், பம்ப், சிலிண்டர் எல்லாம் ஒரே கட்டாகப் பிடிமானத்துக்குள் அடங்கிவிடுவதால் மாற்ற ஹோஸே இருக்காது. எஞ்சின் படகுக்குள்ளும் புரொப்பெல்லர் பகுதி வெளியிலும் உள்ள ஸ்டெர்ன்டிரைவ் வகையில்தான் சிக்கல். அதில் பம்ப் உள்ளே, சிலிண்டர்கள் வெளியே. நடுவே உள்ள ஹோஸ்கள் பின்பலகையைத் துளைத்துக்கொண்டு போய், ஆண்டு முழுவதும் கடல்நீரில் கிடக்கின்றன. முதலில் துருப்பிடிப்பது அவற்றின் முனைகளே.

மாலையில் தூக்கி நிறுத்திய எஞ்சின் காலையில் இறங்கியிருந்தால் எங்கோ எண்ணெய் வழிவிட்டிருக்கிறது. உடனே ஹோஸ்தான் என்று முடிவு கட்டவும் கூடாது. சிலிண்டரின் சீலோ வால்வோ தேய்ந்திருந்தாலும் இப்படித்தான் இறங்கும். வெளியே எண்ணெய்ப் பசை தெரிகிறதா என்று பார்த்தபின் பேச வேண்டும்.

அருகில் நிற்கும்போது

இந்த வேலையை நீங்கள் செய்யப் போவதில்லை. ஆனால் அப்பாவோ மாமாவோ செய்யும்போது பக்கத்தில் நிற்கலாம். அப்போது இரண்டு விஷயம். ஒன்று, கசிவைத் தேடிக் குழாயை ஒருபோதும் விரலால் தடவாதீர்கள். ஊசித் துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வலி அதிகம் இல்லாமல் சிறு புள்ளிபோல் தெரிந்தாலும் அது உடனே அறுவைச் சிகிச்சை தேவைப்படக்கூடிய காயம். துண்டு அட்டையைப் பிடித்துப் பார்க்க வேண்டும். எண்ணெய்க் கறை விழுந்தால் துளை அங்கே. மற்றொன்று, டிரிம் ஹோஸைக் கழற்றும் முன் எஞ்சினுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். அதைத் தூக்கிப் பிடித்திருந்தது அந்த எண்ணெய்தான்.

புது ஹோஸின் மேல் நீளவாக்கில் அச்சிட்ட எழுத்துகள் இருக்கும். வேலை அழுத்தம், உள்விட்டம், தரக் குறியீடு, தயாரித்த காலம் எல்லாம் அதில் உண்டு. கடையில் எத்தனை ஆண்டு கிடந்தது என்பதும் அதிலிருந்து தெரிந்துவிடும். மாட்டியபின் அந்த எழுத்து வரி நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். திருகுபோல் சுற்றியிருந்தால் ஹோஸ் முறுக்கிக்கொண்டிருக்கிறது, 54.7 பாகைக் கணக்கு அங்கே கெட்டுவிட்டது.

வடித்தெடுத்த பழைய எண்ணெயை என்ன செய்வது? மலேசியாவின் 2005ஆம் ஆண்டுத் திட்டமிட்ட கழிவு விதிமுறைகளில் பயன்படுத்திய ஹைட்ராலிக் எண்ணெய்க்குத் தனிக் குறியீடே உண்டு: எஸ்.டபிள்யூ. 306. ஆற்றிலோ சாக்கடையிலோ ஊற்றக்கூடாது. மெர்சிங் ஆற்றில் விழுவது போய்ச் சேரும் திசையில்தான் சுல்தான் இஸ்கந்தர் கடல் பூங்காவின் பவளப் பாறைகள் இருக்கின்றன.

முயன்று பாருங்கள்

ஒரு படகில் ஹோஸின் நீளம் 9 மீட்டர், உள்விட்டம் 8 மில்லிமீட்டர். அழுத்தத்தில் அதன் விட்டம் 2 விழுக்காடு பெருக்கிறது. பம்ப் ஒரு சுற்றுக்கு 28 கன சென்டிமீட்டர் தள்ளுகிறது. எஞ்சின் அசையும் முன் சக்கரம் எவ்வளவு சுற்று வீணாகும்? (விடை: ஏறத்தாழ 0.65 சுற்று.) அதே படகில் ஹோஸை 6 மீட்டராகக் குறைக்கும்படி வேறு பாதையில் கொண்டுபோக முடிந்தால் விடை எப்படி மாறும்?